7 கிலோ பையோடு ஜூலை மாத மேகாலயா

கேள்வி இது: கணவன், மனைவி இருவரும் ஜூலை நடுவில் ஒரு வாரம் மேகாலயா போகிறார்கள். குவாஹாத்தி வரை விமானம். லக்கேஜில் எதையும் போடாமல் ஆளுக்கு 7 கிலோ கைப்பையோடு போய்வர ஆசை. ஆனால் போவது சிரபுஞ்சிக்கு. ரெயின்கோட், மழை பேன்ட், ஷூ, மாற்று ஷூ, நாளுக்கொரு உடுப்பு என்று எடுத்துவைத்தால் பை 12 கிலோவைத் தாண்டுகிறது. எதை விடுவது, எதை விடக்கூடாது?

முடியும். 5 கிலோவுக்குள்ளேயே முடியும். அதற்கு ஒரு எண்ணத்தை முதலில் விட வேண்டும்: நனையாமல் சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்ற எண்ணம். உங்கள் பையில் பாதிக் கனம் அதனால் வந்ததுதான். ஜூலை மாத சிரபுஞ்சியில் எல்லோரும் நனைவார்கள். எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும் நனைவீர்கள். நனைந்த பிறகு அறைக்கு வந்ததும் உடுத்த ஒரு ஜோடி காய்ந்த துணி கட்டாயம் இருக்கிறதா என்பதுதான் பயணத்தின் சுகதுக்கத்தைத் தீர்மானிக்கும். அந்த ஒரு ஜோடியைக் காப்பாற்றும் ஏற்பாட்டைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற முக்கால்வாசிச் சாமான் தானாகவே தேவையற்றதாகிவிடும்.

மழை எந்த அளவு என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் புரியும். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர். சிரபுஞ்சியில், உள்ளூர்க்காரர்கள் சொல்வதுபோல் சோராவில், வருடச் சராசரி 11,777 மில்லிமீட்டர். பக்கத்தில் இருக்கும் மாசின்ராமில் 11,872. ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் சோராவில் பெய்வது சென்னையின் வருட மழையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2022 ஜூன் 17 அன்று ஒரே நாள் கணக்கில் சோராவில் 972 மில்லிமீட்டரும் மாசின்ராமில் 1,003 மில்லிமீட்டரும் பதிவானது. வங்கக் கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வங்கதேசத்துச் சமவெளியைத் தடையில்லாமல் கடந்துவந்து, காஸி மலையின் செங்குத்தான தென்சரிவில் முட்டி ஒரேயடியாக மேலே ஏறுகிறது. ஏறியதும் குளிர்ந்து கொட்டுகிறது. சோரா அந்தச் சரிவின் விளிம்பிலேயே, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

உங்கள் பையைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊர் மழையில் நனைந்தால் சுகமாக இருக்கும். அங்கே நனைந்த துணியோடு காற்றில் நின்றால் கொஞ்ச நேரத்தில் பல் கிட்டும். இரண்டாவது, காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் கொடியில் போட்ட துணி காயவே காயாது. சாதாரண பருத்திச் சட்டை மூன்று நாள் தொங்கினாலும் அப்படியே சில்லென்று இருக்கும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்த ஊரில் பெருமழை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும்தான் கொட்டும். பகலில் தூறலும் மேகமுமாக, இடையிடையே வானம் வெளுக்கும் நேரமும் இருக்கும். நடக்கும் திட்டங்களைக் காலை எட்டு, ஒன்பது மணிக்குமேல் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது அந்தக் காய்ந்த ஜோடிக்கு வருவோம். பையில் இருக்கும் துணியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: வெளியே உடுத்துவது, அறைக்குள் உடுத்துவது. அறைத்துணி என்றால் ஒரு முழுக்கை பனியன், ஒரு லேசான பைஜாமா, ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு உள்ளாடை, ஒரு மெல்லிய ஃபிளீஸ் ஸ்வெட்டர். இதைத் தனி ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, பையின் நடுவில் வையுங்கள். சாயங்காலம் அறைக்கு வந்து, உடம்பைத் துடைத்த பிறகுதான் அந்தக் கவர் திறக்க வேண்டும். காலையில் மறுபடி உள்ளே போய்விட வேண்டும்.

கஷ்டமான இடம் அந்தக் காலை நேரம்தான். நேற்றைய நடைத்துணி இன்னும் ஈரமாக இருக்கும். காய்ந்த ஜோடி கையில் கதகதப்பாக இருக்கும். இதையே போட்டுக்கொண்டு கிளம்பலாமே, பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அன்று மத்தியானத்துக்குள் அதுவும் நனைந்துவிடும், அப்புறம் இரவுக்கு எதுவும் இருக்காது. ஈரத்துணியை எடுத்து உடுத்திக்கொண்டு வேகமாக நடக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டில் அது பழகிவிடும். இந்த ஒழுங்கை இருவரும் பிடித்துக்கொண்டால் நாளுக்கொரு உடுப்பு தேவையில்லை. வெளியே உடுத்த இரண்டு செட் போதும். ஒன்று உடம்பில், ஒன்று பையில்.

என்ன துணி என்பது இதைவிட முக்கியம். ஜீன்ஸ் வேண்டாம், தயவுசெய்து. காய்ந்த நிலையிலேயே முக்கால் கிலோவை நெருங்கும். நன்றாக நனைந்தால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் பயணம் முடியும்வரை காயாது. பருத்தி இழை சாதாரணக் காற்றில் இருக்கும்போதே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அதில் நிற்கும் தண்ணீர் இழைகளுக்கு நடுவில் நிற்பதுதான், பிழிந்தால் போய்விடும். நம் ஊர் வெயிலில் பருத்திக்கு நிகர் எதுவும் இல்லை. மழை ஊருக்குக் கடையில் ‘ட்ரை ஃபிட்’ என்று கிடைக்கும் சாதாரண விளையாட்டு டி-ஷர்ட்டுகள்தான் சரி. விலை உயர்ந்தவை தேவையில்லை. கீழே நைலான் கலந்த மெல்லிய டிராக் பேன்ட் ஒன்று, முழங்கால் வரை ஷார்ட்ஸ் ஒன்று. பெண்களுக்கும் இதே கணக்குதான். சுடிதாரில் வசதி என்றால் பாலியெஸ்டர் குர்த்தாவும் லெகிங்ஸும் எடுக்கலாம், துப்பட்டாவை ஊரிலேயே வைத்துவிடலாம். பேட் வைத்த உள்ளாடைகள் மிக மெதுவாகக் காயும், அதனால் பேட் இல்லாத மெல்லியவையாகப் பார்த்து எடுப்பது நல்லது. நாப்கின்களைத் தனி கவரில், இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். சோராவைத் தாண்டிய கிராமங்களில் கடை தேடி அலைய முடியாது.

பாலியெஸ்டரில் ஒரு குறை உண்டு, சீக்கிரம் வாடை பிடிக்கும். அதற்கு வழி தினமும் அலசுவது. ஒரு சின்னத் துண்டு துணி சோப்பு போதும், குளிக்கும்போதே அலசிவிடலாம்.

காயவைப்பது எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குறைந்த துணியோடு போவதன் சூட்சுமம் முழுக்க இங்கேதான். ஈரக்காற்று துணியிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளாது என்பதால், காற்றை நம்பாமல் கையாலேயே எவ்வளவு தண்ணீரை எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்துவிட வேண்டும். அதற்கு நம் ஊர் ஈரிழைத் துண்டைவிட நல்ல சாமான் இல்லை. ஈரோட்டுப் பக்கம் நெய்யும் அந்த மெல்லிய துண்டு பருத்திதான், ஆனால் இழை நெருக்கம் குறைவு. பிழிந்து உதறினால் பாதி காய்ந்த மாதிரி ஆகிவிடும். மடித்தால் கைக்குள் அடங்கும். டர்க்கி டவல் அரைக் கிலோ வரும், ஒரு முறை நனைந்தால் அவ்வளவுதான். அலசிய டி-ஷர்ட்டை முதலில் பிழியுங்கள். பிறகு துண்டை விரித்து, அதன்மேல் டி-ஷர்ட்டைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாயாகச் சுருட்டி, சுருளின் இரு முனைகளையும் இருவர் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். துண்டு நனையும், சட்டை ஈரப்பதமாக மட்டும் நிற்கும். துண்டைப் பிழிந்துவிட்டு அடுத்த துணிக்கு இன்னொரு தடவை.

அதற்குப் பிறகு காற்றோட்டம். மலையூர் விடுதிகளில் பல அறைகளில் மின்விசிறியே இருக்காது; அதனால் அறை எடுக்கும்போது ஃபேன் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்தால் துணி காயும் என்று நினைப்பார்கள். வெளியே மேகம் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் துணி இன்னும் நனையும். வீட்டோடு சேர்ந்த தங்கும் இடமாக இருந்தால் அடுப்படி விறகடுப்பு எரியும். கேட்டால் அடுப்புக்குப் பக்கத்தில் துணியைத் தொங்கவிட அனுமதிப்பார்கள். பயணத்தில் துணி உண்மையிலேயே மொடமொடவென்று காய்வது அங்கேதான். கொஞ்சம் புகை வாடை அடிக்கும், பரவாயில்லை. இன்னொரு நல்ல இடம் டாக்ஸி. ஏ.சி. காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துவிடும். சோராவிலிருந்து ஷில்லாங் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஆகும். ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு ஈரத்துணியைப் பின் சீட்டின் மேல் பரப்பிவைத்தால் இறங்கும்போது உடுத்தலாம். கடைசியாக உடம்பு. லேசான ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் சட்டையைச் சாப்பிடும் நேரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணியில் காய்ந்துவிடும். முழு ஈரத்தோடு அப்படிச் செய்யாதீர்கள், அந்தக் குளிரில் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். ஈரத்துணியோடு தூங்குவதும் கூடவே கூடாது.

மழையைத் தடுக்க எதை எடுப்பது என்பதில்தான் ஆட்கள் அதிகப் பணத்தைச் செலவிடுகிறார்கள். மூச்சுவிடும் துணி என்று சொல்லி விற்கும் ஜாக்கெட்டுகள் வேலை செய்வது எப்படியென்றால், உள்ளே வேர்வையால் உண்டாகும் ஈரம் வெளியே காய்ந்த காற்றை நோக்கி நுண்துளை வழியாகப் போகும். வெளியே இருக்கும் காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் அது எங்கே போகும்? படி இறங்கி ஏறும்போது உள்ளே வேர்த்து நனைவீர்கள். இது அந்த ஜாக்கெட்டின் குற்றமில்லை, அது வேறு குளிர்ப் பிரதேசத்துக்கானது. பைக்குக்கு வாங்கும் கனமான இரண்டு பீஸ் ரெயின்கோட் இதற்கு நேர் எதிர். ஒரு கிலோவைத் தொடும், காற்றே புகாது.

என் பரிந்துரை: தொப்பியோடு கூடிய, 300 கிராமுக்கு மேல் போகாத சாதாரண ரெயின் ஜாக்கெட் ஒன்று, இரண்டாக மடியும் சின்னக் குடை ஒன்று. ஜாக்கெட்டின் தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் நுழைவது பெரும்பாலும் தையல் ஓட்டைகள் வழியாகத்தான். வாங்கியதும் வீட்டு ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் போட்டுக்கொண்டு நின்று பார்த்துவிடுங்கள். ஊரில் நடக்கும்போதும் வியூபாயின்ட்டில் நிற்கும்போதும் தூறலுக்குக் குடைதான் சுகம், உடம்பு வேர்க்காது. விளிம்பில் காற்று அடிக்கும் இடங்களில் குடை திரும்பிக்கொள்ளும், அங்கே ஜாக்கெட். மழை பேன்ட் வேண்டாம். ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு காலை நனையவிடுங்கள். மனிதனிடம் இருப்பதிலேயே சீக்கிரம் காயும் துணி தோல்தான்.

அந்த மலையில் வயலில் வேலை செய்யும் காஸிப் பெண்கள் குடையும் பிடிப்பதில்லை, கோட்டும் போடுவதில்லை. மூங்கில் சிம்புகளும் இலைகளும் வைத்துப் பின்னிய ‘க்னுப்’ என்ற ஒன்றைத் தலையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆமை ஓடுபோல் தலையிலிருந்து இடுப்புவரை முதுகை மூடும், குனிந்து நாற்று நடும்போது மழை அதன்மேல் வழிந்து பின்னால் விழும். முன்பக்கம் திறந்தே இருக்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். கொங்கு நாட்டில் கோணிச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு மாடு பிடித்துவருவார்களே, அதே யோசனை, ஆனால் எவ்வளவோ தேர்ந்த கைவேலை. உடம்பை இறுக்கி மூடாமல் மேலிருந்து வருவதை மட்டும் தள்ளிவிட்டு, காற்றை உள்ளே விடுவது. தலைமுறை தலைமுறையாக அந்த மழையில் வேலை செய்தவர்கள் கண்டுபிடித்த வடிவம் அது. பையோடு சேர்த்து மேலே போட்டுக்கொள்ளும் போன்சோ இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். உங்களுக்கு ஜாக்கெட் பிடிக்காவிட்டால் தாராளமாக அதை எடுக்கலாம். ஆனால் செங்குத்துப் படிகளில் இறங்கும்போது அதன் முன்பக்கத் துணி காலடியை மறைக்கும், அதனால் இறங்குமுன் இடுப்பில் ஒரு கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து கால். இரண்டு ஜோடி ஷூ எடுப்பது வீண். வாட்டர்புரூஃப் ஷூ என்பதும் இந்த ஊருக்கு ஆகாது. தண்ணீர் மேலே கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும், இறங்கியது வெளியே போக வழியிருக்காது. பின்னால் பெல்ட் வைத்த, அடிப்பாகம் நல்ல ரப்பராக உள்ள டிரெக்கிங் சாண்டல் ஒரு ஜோடி போட்டுக்கொண்டு போங்கள். அறைக்குள் ஹவாய் செருப்பு. படிக்கட்டில் ஹவாய் செருப்போடு இறங்காதீர்கள். நோங்ரியாட் கிராமத்தில் மரவேர்களைப் பின்னி வளர்த்த இரண்டடுக்கு வேர்ப்பாலத்துக்குப் போக டைர்னாவிலிருந்து மூவாயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்கி, கம்பிப் பாலங்களைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் கல்லெல்லாம் பாசி. ஊன்றுகோலை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம், கைப்பையில் விமானத்தில் விடவும் மாட்டார்கள். படி தொடங்கும் இடத்தில் மூங்கில் குச்சி கிடைக்கும். இறங்கும்போது கால் நடுங்கும், ஏறும்போது மூச்சு வாங்கும். அங்கே போகும் நாளில் பெரிய பையை சோராவிலேயே வைத்துவிட்டு, தண்ணீர், ஜாக்கெட், தின்பண்டம், கவரில் கட்டிய காய்ந்த பனியன் ஒன்று, இவ்வளவோடு போங்கள்.

நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதம் வெள்ளைவெளேரென்று சுருங்கிப்போகும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிட்டால் மறுநாள் நடை அவ்வளவுதான். காலையில் கிளம்புமுன் குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாஸ்லைன் தடவுங்கள், தண்ணீர் தோலில் ஊறுவதை அது வெகுவாகக் குறைக்கும். இரவு சோப்புப் போட்டுக் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, பூஞ்சைக்கான பவுடர் போட்டு, அந்தக் காய்ந்த சாக்ஸை மாட்டிக்கொண்டு தூங்குங்கள். ஆறேழு மணி நேரம் காய்ந்த நிலையில் இருந்தால் பாதம் தேறிவிடும். பையில் சாக்ஸுக்கு இடம் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அட்டை இருக்கும். உப்பு மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள், மழையில் அது கரைந்தே போகும். ஷார்ட்ஸின் இன்னொரு நன்மை, ஏறும் அட்டை கண்ணுக்குத் தெரியும். ஒட்டிக்கொண்டால் பதறி இழுக்காமல், மெல்லிய நுனியின் அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கடிவாயில் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

பை 30 முதல் 35 லிட்டர், வெற்றுப் பையாக ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். சக்கரப் பெட்டி அங்கே உதவாது. மேலே மாட்டும் ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள். முதுகோடு ஒட்டும் பக்கத்தை அது மூடாது. தோளில் வழியும் தண்ணீர் பட்டை வழியாக இறங்கி உள்ளே போகும், கவரின் அடியிலேயே குளம்போல் தேங்கவும் செய்யும். பைக்கு உள்ளே ஒரு பெரிய தடித்த பாலித்தீன் கவரை விட்டு, எல்லாச் சாமானையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிட்டால் பை ஆற்றில் விழுந்தாலும் துணி நனையாது. விலை பத்து, இருபது ரூபாய். உபரியாக ஒன்று மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணிக்குத் தனிக் கவர், அது உள்கவருக்கு வெளியே, பையின் மேலே. ஷில்லாங்கிலிருந்து சோராவுக்கு ஷேர் சுமோவில் போனால் பெரிய பைகளைக் கூரைமேல் கட்டிவிடுவார்கள், மழை அங்கே நேராகக் கொட்டும். உங்கள் பை மடியில் வைக்கும் அளவில் இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

ஃபோன், ரொக்கம், ஆதார் இவற்றுக்கு ஆளுக்கொரு ஜிப்லாக். ரொக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும், உள்கிராமங்களில் ஏ.டி.எம். கிடையாது, சிக்னலும் போய்ப்போய் வரும். ஃபோனின் சார்ஜிங் துளை நனைந்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள். துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றோட்டத்தில் விட்டுவிடுங்கள். அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் வேண்டாம், தூள் உள்ளே போகும் என்பதால் ஆப்பிள் நிறுவனமே அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. மழையில் மின்சாரம் போவது சகஜம்; தலையில் மாட்டும் சின்ன டார்ச் ஒன்றும் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றும் இருவருக்கும் சேர்த்துப் போதும். பவர் பேங்கை எப்படியும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பது விமான விதி. மருந்தில் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., பேண்டேஜ், கிருமிநாசினிக் களிம்பு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். வடகிழக்கில் மலேரியா இன்னும் இருப்பதால் கொசுக் களிம்பும் முழுக்கை அறைத்துணியும் அலட்சியப்படுத்தக் கூடாதவை.

எடையைக் கூட்டிப் பார்த்தால்: பை 900 கிராம், உடம்பில் இருப்பது போக மற்ற துணி எல்லாம், ஃபிளீஸ் உட்பட, ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோ, ஜாக்கெட்டும் குடையும் 550, ஹவாய் செருப்பும் துண்டும் 400, சார்ஜர், பவர் பேங்க், டார்ச் 450, சோப்பு, பேஸ்ட், மருந்து 500, கவர்களும் காலி பாட்டிலும் கால் கிலோ. ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிட்டது. மிச்சமிருக்கும் இரண்டு கிலோவை நிரப்ப வேண்டாம். அது தண்ணீருக்கான இடம். திரும்பும்போது துணி ஈரமாக இருக்கும், கனக்கும்.

இதையெல்லாம் மீறி ஏதாவது மறந்துபோனால் ஷில்லாங்கில் போலீஸ் பஜாரிலும் இயெவ்டு சந்தையிலும் குடை, ஜாக்கெட், செருப்பு, ஸ்வெட்டர் எல்லாம் கிடைக்கும். மழையிலேயே வாழ்கிற ஊர், மழைக்கு வேண்டியது அங்கே இல்லாமல் போகாது. எதற்கும் இருக்கட்டும் என்று நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியோடு பாருங்கள்: இதை ஷில்லாங்கில் வாங்க முடியுமா? முடியும் என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பாதையைத் திட்டமிடுவதிலும் எடை குறைக்கலாம். சோரா, நோங்ரியாட், மாவ்லின்னாங் எல்லாம் தென்சரிவு. ஷில்லாங் மலையின் மறுபக்கம். மழை சோராவில் பெய்வதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் ஈர நாட்களை ஒரேயடியாக அடுக்காமல், சோராவில் மூன்று இரவு, நடுவில் ஷில்லாங்கில் ஒரு முழு நாள் என்று வைத்து, அந்த நாளில் துணியையும் செருப்பையும் பையையும் காயவைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்குப் பை கட்டுவதற்குப் பதில் மூன்று மூன்று நாளுக்குக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். டாவ்கியில் படகு காற்றில் மிதப்பதுபோல் தெரியும் தெளிந்த நீரின் படங்கள் குளிர்காலத்தில் எடுத்தவை. ஜூலையில் உம்ன்காட் ஆறு கலங்கி ஓடும், அதை நம்பி ஒரு நாளைச் செலவிடாதீர்கள். அருவிகளைப் பார்க்கத்தான் இது மாதம். மேகம் விலகக் காத்திருக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; நோகலிகாய் அருவி முன்னால் ஒரு மணி நேரம் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்து நிமிடம் திரை விலகி முழு அருவியும் தெரிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

மண்சரிவால் சாலை அடைபடுவது அந்தப் பருவத்தில் வழக்கம். 2022 ஜூனில் தேசிய நெடுஞ்சாலை 6-இல் பல இடங்களில் சாலையே அரித்துப்போனது. குவாஹாத்தி நகரிலும் ஒரு பெருமழைக்குத் தெருக்கள் மூழ்கும். ஆகவே விமானத்துக்கு முந்தைய இரவை சோராவில் வைக்காதீர்கள். குவாஹாத்தியில், குறைந்தது ஷில்லாங்கிலாவது தங்குங்கள். அன்றிரவு ஈரத்துணி எல்லாவற்றையும் துண்டில் சுருட்டிக் கடைசியாக ஒருமுறை முறுக்கிவிடுங்கள். காலையில் பையைத் தூக்கிப் பார்க்கும்போது 7 கிலோவைத் தாண்டும்போல் தோன்றினால் ஜாக்கெட்டையும் ஃபிளீஸையும் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள், விமானத்துக்குள் ஏ.சி. குளிருக்கு அவை எப்படியும் வேண்டியிருக்கும்.